பாடும் மீனைப் பாடியது போதும்!

மட்டக்களப்பு என்ற பெயரைக் கேட்ட மாத்திரத்தில் தமிழர் நாவில் தாமாகவே வந்து அமரும் சொற்கள் 'மீன்பாடும் தேன்நாடு' என்பவையே. திருமண வாழ்த்து மடல்களிலும் விளையாட்டுக் கழகச் சின்னங்களிலும் பாடசாலை ஆண்டு மலர்களிலும் அந்த மீன் ஓயாமல் பாடிக்கொண்டிருக்கிறது. ரொறன்ரோவிலும் இலண்டனிலும் பாரிசிலும் நம்மவர் நடத்தும் ஊர்ச்சங்க விழாக்களின் மேடைத் திரைகளிலும் அதைக் காணலாம். இடுப்புக்கு மேலே பெண், கீழே மீன், கையிலே யாழ்! ஊர்ப்பற்றைக் குறைசொல்ல நான் யார்? பிறந்த மண்ணை விட்டு ஆறாயிரம் மைல் தள்ளி வாழ்கிறவனுக்குப் பற்றிக்கொள்ள ஏதாவது ஒன்று வேண்டும்தானே.

ஆனாலும் ஒன்றைக் கேட்காமல் இருக்க முடியவில்லை. பாடும் மீனைக் கண்ணால் கண்டவர் எவருமில்லை. அதற்கோ ஆயிரம் பாட்டு, ஆயிரம் படம். அதே வாவியின் ஓரத்தில், முழங்காலளவுத் தண்ணீரில், பட்டப்பகலில், எல்லோரும் பார்க்கத்தக்கவாறு குடும்பம் நடத்துகின்ற ஒரு சிறு மீன் இருக்கிறது. அதற்கு ஒரு வரியுமில்லை. அதன் வீட்டின்மீது நாள்தோறும் மண் கொட்டப்படுகிறது. அதைக் கேட்பாருமில்லை. இந்த முரண்பாட்டைப் பற்றித்தான் இன்று எழுதப்போகிறேன். சிலருக்குக் கசக்கும். கசக்கட்டும்.

முதலில் அந்தப் பாட்டின் கதை

இலங்கையின் குடியேற்றச் செயலாளராக இருந்த சேர் ஜேம்ஸ் எமர்சன் டெனண்ட் 1848 செப்டெம்பரில் மட்டக்களப்புக்கு வந்தார். நிலவிரவில் தோணியேறிச் சென்று, தோணியின் மரத்தில் காதை வைத்து அந்த ஒலியைக் கேட்டார். கேட்டதைத் தமது நூலில் எழுதி உலகத்துக்கு அறிவித்தார். நம்மவர் பலர் மறந்துவிட்ட செய்தி ஒன்றும் அதே குறிப்பில் இருக்கிறது. இந்த ஒலியை எழுப்புவது எதுவென்று அவர் உள்ளூர் மீனவரைக் கேட்டபோது, அவர்கள் மீனைச் சொல்லவில்லை, ஊரியைச் சொன்னார்கள்! தண்ணீருக்கு அடியில் கிடக்கும் ஊரிச் சிப்பிதான் ஒலிக்கிறது என்பது வாவியிலேயே பிறந்து வாவியிலேயே உழைத்தவர்களின் கூற்று.

பின்னாளில் காரைதீவு தந்த சுவாமி விபுலாநந்தர் (1892-1947) நீரர மகளிர் இன்னிசைப் பாடலை இயற்றி அந்த ஒலிக்குத் தமிழிசையில் ஓர் இடம் தந்தார். இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் யேசுசபைத் துறவியான லாங் அடிகளார் அதனை ஒலிப்பதிவு செய்தார்; வானொலியிலும் அது ஒலித்தது. அறிஞரின் தமிழும் துறவியின் பொறுமையும் போற்றத்தக்கவை. அவர்கள் வாவியிடம் போய்க் காதுகொடுத்துக் கேட்டவர்கள். நாமோ அவர்கள் கேட்டதைச் சின்னமாக்கிச் சட்டையில் குத்திக்கொண்டோம். வாவிக்குப் போவதை விட்டுவிட்டோம்.

வாய் திறவாத ஒரு மீன்

நான் சொல்ல வந்த மீன் எட்டுச் செண்டிமீற்றருக்கு மேல் வளர்வதில்லை. ஆள்காட்டி விரல் நீளம் என்று வைத்துக்கொள்ளுங்கள். வட்டமாய்த் தட்டையான உடல். மஞ்சளும் செம்மஞ்சளும் கலந்த நிறம். விலாவில் ஒரு கரும்பொட்டு. நன்னீர்க் குளத்திலும் வாழும், உவர் கலந்த களப்பிலும் வாழும். தென்னிந்தியாவும் இலங்கையும் மட்டுமே இதன் தாயகம். கேரளத்தில் இதற்குப் பல்லத்தி என்று பெயர். வெளிநாட்டு மீன்தொட்டிக் கடைகளில் 'ஒரேஞ்ச் குரோமைட்'. விஞ்ஞானிகள் எட்ரோப்ளஸ் மாக்குலாட்டஸ் என்றார்கள். அண்மைக்கால வகைப்பாட்டில் பேரினப் பெயர் சூடெட்ரோப்ளஸ் என்று மாறியிருக்கிறது. இந்த மீனை 1795ஆம் ஆண்டு முதன்முதலில் அறிவியலுக்கு விவரித்தவர் பெர்லின் நகர வைத்தியர் புளொக். அவர் கைக்கு அது எங்கிருந்து போனது தெரியுமா? சோழ மண்டலக் கரையிலுள்ள தரங்கம்பாடியிலிருந்து! தமிழ்க் கரையின் மீனைப் பெர்லின்காரர் அறிந்து இருநூறு ஆண்டுகளுக்கு மேலாகிறது. நமது சந்தையிலோ அது ஏனைய குஞ்சு குருமான்களோடு சேர்த்துக் குவித்து விற்கப்படும் 'சின்ன மீன்'. அவ்வளவுதான்.

இதற்கு ஒரு பெரிய உறவு உண்டு. தமிழ்நாட்டில் செத்தக்கெண்டை, கேரளத்தில் கரிமீன், சிங்களத்தில் கொரலியா. சாதாரணமாக ஒரு சாண் அளவு. பச்சை கலந்த உடலில் முத்துப் பதித்தாற்போன்ற புள்ளிகள். சுவைக்குப் பேர்போன மீன். மட்டக்களப்பு வாவியில் இரண்டும் வாழ்கின்றன.

இந்த இரண்டுக்குமுள்ள உறவு விசித்திரமானது. பெரிய மீனின் உடலிலும் துடுப்பிலும் படியும் பூஞ்சையையும் ஒட்டுண்ணியையும் சிறிய மீன் கொத்தித் துப்புரவு செய்கிறது. பெரியதும் அசையாமல் நின்று அதற்கு இடம் கொடுக்கிறது. அமெரிக்க ஆய்வாளர்களான வார்டும் வைமனும் 1972இல் இதனை விரிவாக எழுதினார்கள். அதே சிறிய மீன், வாய்ப்புக் கிடைத்தால் பெரிய மீனின் முட்டைகளையும் குஞ்சுகளையும் தின்றும் விடுகிறது! வைத்தியனும் அதுவே, திருடனும் அதுவே. மனிதரிடம் காணாததா?

பிள்ளை வளர்ப்பில் இது நம்மை வெட்கப்பட வைக்கும். தாயும் தந்தையும் சேர்ந்தே காவல் நிற்கின்றன. ஏறக்குறைய 200 முட்டைகள். அவற்றை நீருக்குள் கிடக்கும் வேரிலோ கல்லிலோ ஒட்டவைத்து, துடுப்பால் விசிறி, கெட்டுப்போன முட்டைகளை அகற்றி, குஞ்சு வெளிவந்ததும் ஆழமற்ற குழியில் இட்டுக் காக்கின்றன. நீந்தத் தொடங்கிய குஞ்சுகள் பெற்றோரின் விலாவை உரசி, உடலில் சுரக்கும் வழுவழுப்பை உண்கின்றன. ஏறக்குறையப் பால் கொடுப்பதைப் போல! இது 1960களிலேயே ஆய்வேடுகளில் பதிவான செய்தி. பாடாவிட்டால் என்ன, பாடுவதற்குத் தகுந்த பொருள் இதுவல்லவா?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இந்தக் குடும்பத்தைச் சேர்ந்த மீன்களில் தெற்காசியாவுக்கு இயற்கையாக உரியவை மூன்றே மூன்று. மூன்றாவது கர்நாடகத்தில் மாத்திரம் உள்ளது. இவற்றின் மிக நெருங்கிய உறவுகள் எங்கே இருக்கின்றன என்றால், இந்து சமுத்திரத்துக்கு அப்பால், மடகாஸ்கரில்! ஒட்டியிருந்த நிலங்கள் பிரிந்தபோது மீன்களும் பிரிந்தன என்கிறார்கள் சிலர். கடலைக் கடந்தே வந்திருக்க வேண்டும் என்கிறார்கள் வேறு சிலர். எப்படியாயினும், மனிதன் என்ற ஒருவன் தோன்றுவதற்குப் பல கோடி ஆண்டுகளுக்கு முன்பே தொடங்கிய குடும்பக் கதை அது. எழுவான்கரைக்கும் படுவான்கரைக்கும் எந்தக் குடி முதலில் வந்தது என்று நாம் போட்ட சண்டைகளுக்கெல்லாம் இந்த மீன் சிரித்திருக்கும்.

அதன் வீடு எது?

மட்டக்களப்பு வாவி வடக்கே பங்குடாவெளிப் பக்கத்திலிருந்து தெற்கே கல்முனைப் பக்கம் வரை ஐம்பது கிலோமீற்றருக்கு மேல் நீண்டு கிடக்கிறது. உன்னிச்சை, நவகிரி, உறுகாமம் முதலிய குளங்களின் கீழுள்ள வயல்களிலிருந்தும் ஆறுகளிலிருந்தும் நன்னீர் வருகிறது. பாலமீன்மடுவிலும் கல்லாற்றிலும் கடலுக்கு வாசல். அந்த வாசலை மணல் மூடும், மாரியில் திறக்கும் அல்லது வெட்டித் திறப்பார்கள். உப்பும் நன்னீரும் கூடுவதும் குறைவதுமே வாவியின் மூச்சு. ஊர்ப் பெயரில் பாதி 'களப்பு' என்பதை மறந்துவிடக் கூடாது. களப்பு போனால் மட்டக்களப்பில் மிஞ்சுவது 'மட்டம்' மட்டுமே!

வரைபடத்தில் நீலமாகத் தெரியும் பரப்பு முழுவதையும் நமது சிறு மீன் தன் வீடாகக் கொள்வதில்லை. நடு வாவி அதற்கு வேண்டாம். அது கேட்பது கரையோரத்தில் சில அடி அகலமான ஒரு கீற்று. கண்டல் வேர் இறங்கியிருக்கும் இடம், புல்லும் நாணலும் நனைந்து நிற்கும் இடம், சேறும் மணலும் கலந்த ஆழமற்ற தரை. முட்டை ஒட்டுவதற்கு வேர் வேண்டும். குழி தோண்டுவதற்குத் தரை வேண்டும். எதிரி வந்தால் ஒளிவதற்கு நிழல் வேண்டும். கரிமீனுக்கும் குஞ்சு வளர்க்க இதே கீற்றுத்தான். இறால் குஞ்சு கடலிலிருந்து வந்து தங்குவதும் இங்கேதான். அந்தக் கீற்றுத்தான் வாவியின் தொட்டில்.

நமது அலுவலகக் கோப்புகளிலும் மதிற்சுவர் கட்டுவோர் மனத்திலும் அந்தக் கீற்றுக்கு என்ன பெயர்? 'சும்மா கிடக்கும் சேற்று நிலம்.' இங்கேதான் எனது வழக்கு.

தொட்டிலை உடைப்பவர்கள்

போர்க்காலத்தில் பாதுகாப்பைக் காரணம் காட்டிக் கரையோரக் கண்டல்கள் வெட்டப்பட்டன. 2004 டிசெம்பர் 26ஆம் திகதி ஆழிப்பேரலை வந்தது. கல்லடியும் நாவலடியும் பட்ட பாட்டை எழுதி முடியாது. அப்போது மரம் நின்ற கரை எது, மரமற்ற கரை எது என்று எல்லோரும் பேசினார்கள். கண்டல் நடும் திட்டங்கள் வந்தன, படம் பிடித்தார்கள், பதாகை கட்டினார்கள். போர் 2009இல் முடிந்தது. மரம் வளர வேண்டிய காலத்தில் மண் லொறிகள் வந்தன.

கரையை நிரப்புகிறவர் வறியவர் மட்டும் அல்லர் என்பதை வெளிப்படையாகச் சொல்லியாக வேண்டும். குடியிருக்க ஒரு துண்டு நிலமில்லாதவன் சேற்றில் குடிசை போட்டால் அவனைக் குற்றவாளி என்று சொல்ல எனக்கு வாய் வராது. 'வாவிக் காட்சி' வேண்டும் என்பதற்காக வாவியையே நிரப்பி மதில் கட்டுகிறவர்களைப் பற்றித்தான் பேசுகிறேன். காட்சியைப் பார்ப்பதற்காகக் காட்சியை அழிக்கும் இந்தப் புத்திசாலித்தனம் வேறெங்கும் உண்டோ? இதிலே வெளிநாட்டிலிருந்து வந்த பணமும் கலந்திருக்கிறது. விழா மேடையில் பாடும் மீனுக்குக் கைதட்டிய அதே கைகள் அனுப்பிய பணம்!

அடுத்தது குப்பையும் கழிவும். வாவி யாருடையதும் அல்ல, ஆகவே எல்லோருடைய குப்பையும் அதற்கே என்று முடிவுசெய்துவிட்டோம். வயலிலிருந்து வரும் உரமும் கிருமிநாசினியும் வாவியில் வந்து சேர்கின்றன. தெற்கே கிட்டங்கிப் பக்கம் ஆற்றுவாழை பாய் விரித்தாற்போல் படர்வதைப் பார்த்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. நீரில் ஊட்டம் மிகுந்தால் பாசியும் ஆற்றுவாழையும் செழிக்கும்; அவை அழுகும்போது நீரிலுள்ள பிராணவாயு தீரும்; மீன் செத்து மிதக்கும். மீன் மிதந்த செய்தி மூன்றாம் பக்கத்தில் ஒரு படத்தோடு வரும். 'மாதிரிகள் ஆய்வுக்கு அனுப்பப்பட்டன' என்று முடியும். பத்திரிகைத் தொழிலில் முடி நரைத்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: அந்த வாக்கியத்துக்கு அடுத்த வாக்கியத்தை வாசகர்கள் வாசிப்பதே அரிது. ஆய்வின் முடிவு என்ன, யார் பொறுப்பு, என்ன நடவடிக்கை என்பவை செய்தியாவதற்குள் அடுத்த செய்தி வந்துவிடுகிறது.

வலைகளைப் பற்றியும் பேசத்தான் வேண்டும். தடைசெய்யப்பட்ட தங்கூசி வலையும் கொசுவலை போன்ற நுண்கண் வலையும் அந்தக் கரையோரக் கீற்றை வழித்தெடுக்கின்றன. தோணியும் அத்தாங்கும் கரப்பும் வைத்துக் காலங்காலமாகப் பிழைத்த வாவி மீனவர்களே இதனை முதலில் எதிர்ப்பவர்கள். தங்கள் பேரனின் மீனை இன்றைக்கே யாரோ அள்ளுகிறார்கள் என்பது அவர்களுக்குத் தெரியும்.

முகத்துவாரம் வெட்டுவதும் அப்படியே. வயல் மூழ்கும்போது வெட்டு என்கிறார் விவசாயி. நேரம் பார்த்து வெட்டு என்கிறார் மீனவர். இருவரும் சொல்வது நியாயம். முழங்காலளவு நீரில் முட்டை காத்து நிற்கும் மீனுக்கு நீர்மட்டம் ஒரே இரவில் ஓரிரு அடி இறங்கினால் என்ன ஆகும் என்பதை யோசிக்க ஒருவரும் அந்தக் கூட்டத்தில் அமர்த்தப்படுவதில்லை. அதற்காக வயலை மூழ்கவிடு என்று நான் சொல்லவில்லை. 2011 சனவரிப் பெருவெள்ளத்தைக் கண்டவர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள். வெள்ளம் தங்குவதற்கென்று இயற்கை விட்டுவைத்த கரையை நாமே நிரப்பிவிட்டு, வெள்ளம் வீட்டுக்குள் வந்துவிட்டது என்று அழுவதில் பொருளில்லை என்றுதான் சொல்கிறேன்.

ஆபிரிக்க மீனுக்கு யப்பான் என்று பெயர்!

மட்டக்களப்புச் சந்தையில் யப்பான் மீன் என்று கேட்டால் கிடைப்பது திலாப்பியா. அது யப்பானில் பிறந்ததல்ல, ஆபிரிக்காவில் பிறந்தது. 1950களின் தொடக்கத்தில் அரசாங்கத்தால் இலங்கைக்குக் கொண்டுவரப்பட்டது. நமது சிறு மீனுக்குத் தூரத்து உறவுமுறை கூட! முட்டையை வாய்க்குள் வைத்து அடைகாக்கும், உவரிலும் நன்னீரிலும் வாழும், எதையும் தின்னும், நம் மீன் குழி தோண்டும் அதே ஆழமற்ற தரையில் தானும் குழி தோண்டும்.

திலாப்பியாவைத் திட்டித் தீர்ப்பது எனது நோக்கமல்ல. உலர்வலயக் குளங்களை அண்டிய ஏழைக் குடும்பங்களின் சோற்றில் மலிவான புரதத்தைச் சேர்த்தது அந்த மீன்தான். அதை மறுத்தால் நன்றிகெட்ட தனம். இனி அதனை வாவியிலிருந்து ஒழிக்கவும் எவராலும் முடியாது. எனது ஆட்சேபம் வேறு. எழுபது ஆண்டுகளுக்குப் பிறகும் 'மீன்வள அபிவிருத்தி' என்றால் வெளிமீன் குஞ்சை வாளியில் கொண்டுவந்து, அமைச்சரோ அதிகாரியோ கவிழ்த்து, படம் எடுத்துக்கொள்வது என்ற ஒரே பாடத்தைத்தான் நாம் படித்து வைத்திருக்கிறோமா?

2025இன் தொடக்கத்தில் பிரானா, கத்திமீன் முதலிய சில ஆக்கிரமிப்பு மீன்களை வளர்க்கவும் விற்கவும் தடைவிதித்து வர்த்தமானி வெளியிடப்பட்டது. நல்ல காரியம். ஆனால் வெளியாரைத் தடுப்பது பாதி வேலை. வீட்டுக்காரனின் கூரையைக் காப்பது மறு பாதி. அந்த மறு பாதியைப் பற்றி வர்த்தமானி பேசவில்லை.

பக்கத்து வீட்டைப் பாருங்கள்

வேறெங்கும் போக வேண்டாம், கேரளத்தைப் பாருங்கள். அங்கும் இதே மீன்கள். அங்கும் இதே போன்ற காயல்கள். அங்கும் நிரப்புதல், கழிவு, திலாப்பியா எல்லாம் உண்டு. அவர்கள் ஒன்றும் தேவர்கள் அல்லர். ஆனால் 2010ஆம் ஆண்டில் கரிமீனைத் தங்கள் மாநில மீனாக அறிவித்தார்கள். வேம்பநாட்டுக் காயலுக்கு வரும் சுற்றுலாப் பயணி வாழையிலையில் பொரித்த கரிமீனைக் கேட்டு வாங்கி, கேட்ட விலையைக் கொடுத்துவிட்டுப் போகிறான். பெயர் கிடைத்தது, பெயரால் விலை கிடைத்தது, விலையால் அந்த மீனைக் காக்க வேண்டும் என்று பேசவும் ஆட்கள் கிடைத்தார்கள்.

சென்னையிலுள்ள மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆய்வு நிறுவனம் முட்டுக்காட்டிலுள்ள தனது நிலையத்தில் கரிமீனை இனப்பெருக்கம் செய்வித்துக் குஞ்சு உற்பத்தி செய்கிறது. அது பாக்குநீரிணைக்கு அப்பால், தமிழ் பேசும் கரையில் இருக்கும் தொழில்நுட்பம். அதைக் கற்றுவர நமது தேசிய நீருயிரின வளர்ப்பு அபிவிருத்தி அதிகார சபைக்கோ வந்தாறுமூலையிலுள்ள கிழக்குப் பல்கலைக்கழகத்துக்கோ தடை என்ன? நமது வாவிக்கு நமது மீனின் குஞ்சை விடலாமே. வளர்ப்புக் கூடுகளிலும் நமது மீனையே வளர்க்கலாமே.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. ராம்சார் உடன்படிக்கையின் கீழ் 1990 முதல் 2013 வரை இலங்கையின் ஆறு ஈரநிலங்கள் சர்வதேச முக்கியத்துவம் உடையனவாகப் பட்டியலிடப்பட்டன. வடக்கில் வங்காலை உண்டு. தென்கிழக்கில் குமணை உண்டு. மட்டக்களப்பு வாவி அந்த ஆறில் இல்லை. உலகுக்கே தெரிந்த பாட்டுக்குச் சொந்தமான நீர்நிலை, உலகம் காக்க வேண்டிய நீர்நிலைகளின் வரிசையில் இல்லாமற்போனது எப்படி? கொழும்பை மாத்திரம் குற்றம் சொல்லி ஒதுங்கிவிட முடியாது. அந்தக் காலப்பகுதியில் பெரும்பாலும் போர் நடந்தது உண்மை. போர் முடிந்த பின்னர் நாடாளுமன்றத்துக்கும் மாகாண சபைக்கும் போன நம்மவர் இதற்காக எத்தனை முறை எழுந்து நின்றார்கள்?

மனிதர் செத்த மண்ணில் மீனைப் பற்றியா?

இந்தக் கேள்வி வரும் என்று தெரியும். வரவேண்டிய கேள்விதான். வாவிக் கரையின் மேற்குப் பக்கத்தில், கொக்கட்டிச்சோலைப் பகுதியில், 1987 சனவரி 28ஆம் திகதி விசேட அதிரடிப்படையின் நடவடிக்கையில் இறால் பண்ணைத் தொழிலாளர்களும் கிராமத்தவர்களும் கொல்லப்பட்டார்கள். 1991 ஜூன் 12ஆம் திகதி அதே பகுதியில் மறுபடியும் படுகொலை. அந்தக் குடும்பங்களுக்கு நீதி கிடைக்கவில்லை. அப்படிப்பட்ட கரையில் நின்றுகொண்டு விரலளவு மீனுக்காக வழக்காடுகிறாயே என்று ஒருவர் கேட்டால், அவர்மீது எனக்குக் கோபம் வராது.

எனது பதில் இதுதான். அந்த மனிதர்கள் ஏன் வாவிக் கரையில் இருந்தார்கள்? வாவி சோறு போட்டதால் இருந்தார்கள். போர் வலையை எறிய விடவில்லை. தோணியை இறக்க விடவில்லை. அப்போதும் அவர்கள் கரையை விட்டுப் போகவில்லை. ஒருநாள் வாவி மீண்டும் கைக்கு வரும் என்று காத்திருந்தார்கள். வந்தது. வந்த வாவியில் மீனில்லை என்றால் அவர்களுக்கு நாம் கொடுத்தது என்ன? நிலத்தைப் பறித்தால் ஆர்ப்பாட்டம் செய்கிறோம். நீரைப் பறித்தால் வேடிக்கை பார்க்கிறோம். படுவான்கரைப் பெண் ஒருத்தி அத்தாங்கு போட்டு ஒருவேளைக் கறிக்கு அள்ளும் சின்ன மீனும் இறாலும் இதே கீற்றில்தான் பிறக்கின்றன. மீனுக்காகப் பேசுவதும் அவளுக்காகப் பேசுவதும் வேறு வேறல்ல.

'விவசாயியைப் பட்டினி போடச் சொல்கிறாயா?' என்பது அடுத்த கேள்வி. இல்லை. 2021இல் யாரையும் கேளாமல் இரசாயன உரத்தைத் தடைசெய்து, விவசாயியை வீதிக்குக் கொண்டுவந்து, அதே ஆண்டு நவம்பரில் பின்வாங்கிய கூத்தைப் பார்த்தவன் நான். அப்படிப்பட்ட ஆணைகளை நான் கேட்கவில்லை. வயல் வடிகாலுக்கும் வாவிக்கும் இடையில் ஒரு புல்வெளியும் நாணலும் கண்டலும் நிற்கட்டும் என்கிறேன். அவை உரத்தை உறிஞ்சும், மண்ணைத் தடுக்கும், மீனையும் வளர்க்கும். காசு செலவில்லாத வடிகட்டி அது. அதை வெட்டிவிட்டுப் பின்னர் கோடிக்கணக்கில் கடன் வாங்கிச் சுத்திகரிப்பு நிலையம் கட்டுவதுதான் அபிவிருத்தி என்றால், அந்த அபிவிருத்தி யாருக்கு?

என்ன செய்யலாம்?

ஒன்று: வாவியின் எல்லையை அளந்து, கல் நாட்டி, பிரதேச செயலகங்களிலும் பாடசாலைகளிலும் அதன் வரைபடத்தைத் தொங்கவிடுங்கள். எது வாவி என்று ஊருக்கே தெரிந்தால், அதை நிரப்புகிறவனை மறிக்க ஊரே வரும்.

இரண்டு: கண்டல் நிற்கும் கரைத் துண்டுகளை மீனவர் சங்கங்களே தேர்ந்தெடுத்து, இனப்பெருக்கக் காலத்தில் வலை விழாத இடங்களாக அறிவிக்கட்டும். மீன்பிடி முகாமைத்துவப் பகுதிகளை அமைக்க 1996ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கச் சட்டமே இடமளிக்கிறது. புதிய சட்டம் வேண்டாம். இருப்பதைத் தூசி தட்டினால் போதும்.

மூன்று: வாவியிலும் அதற்கு நீரூட்டும் குளங்களிலும் இனிமேல் வெளிமீன் குஞ்சு விடுவதை நிறுத்தி, உள்ளூர் மீனின் குஞ்சு உற்பத்தியைத் தொடங்குங்கள்.

நான்கு: முகத்துவாரம் வெட்டுவதைத் தீர்மானிக்கும் கூட்டத்தில் விவசாயிக்கும் மீனவருக்கும் பக்கத்தில் வாவியை அறிந்த ஓர் ஆய்வாளருக்கும் நாற்காலி போடுங்கள்.

ஐந்தாவது, கடல் கடந்து வாழும் வாசகர்களுக்கு. ஊர்ச்சங்க மலருக்கு அடுத்த முறை அட்டைப்படம் தேடும்போது, பெண்ணுடல் கொண்ட மீனை ஓர் ஆண்டு ஓய்வெடுக்க விடுங்கள். விலாவில் கரும்பொட்டு உள்ள, மஞ்சள் நிறத்துச் சிறு மீனை அங்கே வையுங்கள். அதன் கதையை இரண்டு பக்கத்தில் எழுதுங்கள். வாவிக்கரையில் உங்கள் பணத்தில் வீடு எழுகிறது என்றால், அடித்தளம் எங்கே நிற்கிறது என்று ஒருமுறை கேளுங்கள். மதிலுக்கு அனுப்பும் பணத்தில் ஒரு பங்கைக் கண்டல் நாற்றுக்கு அனுப்புங்கள். நட்டுவிட்டுப் படம் எடுப்பவர்களுக்கு அனுப்ப வேண்டாம். மூன்று ஆண்டுகள் கழித்து எத்தனை மரம் நிற்கிறது என்று கணக்குக் காட்டுகிறவர்களுக்கு அனுப்புங்கள்.

வாவியின் அந்த ஒலி மீனுடையதா, ஊரியுடையதா என்ற வாதம் இன்னும் நூறு ஆண்டுகளுக்கு நடக்கட்டும். அதனால் யாருக்கும் நட்டமில்லை. கரையோரத்துச் சேற்றில் தன் குஞ்சுகளுக்குக் காவல் நிற்கும் மீன் அத்தனை காலம் காத்திருக்க முடியாது. அதன் குழிக்கு மேலே இன்று ஒரு லொறி மண் விழுகிறது. தடுக்க வேண்டியவர்கள் நாம்.